ஏரிக்கரையும் இமாரத்தும்: பொதுவெளியை ஆக்கும் கலை

ஒரு கட்டடத்தைச் சுட்டிக்காட்டி இதனை எழுப்பியவர் யார் என்று கேட்டால், அக்கேள்வி நமக்கு இயல்பானதாகவே தோன்றுகிறது. ஓர் ஏரிக்கரையையோ சாலையோரத் தோப்பையோ ஊர் மைதானத்தையோ காட்டி இதனை வடிவமைத்தவர் யார் என்று கேட்டால் வியப்படைகிறோம். கட்டடம் மனிதன் ஆக்கியது, வெட்டவெளி தானாக இருப்பது என்னும் எண்ணம் நம் மனத்தில் ஊறிப்போயிருக்கிறது. உண்மையில் ஊரின் நடுவே நாம் காணும் வெளிகளுள் தாமாக அமைந்தவை மிகச் சிலவே. நீர் எங்கே தேங்க வேண்டும், எவ்வழியே வெளியேற வேண்டும், மரம் எங்கே நிழல் தர வேண்டும், நடப்போர் எங்கே நடக்க வேண்டும், களைத்தோர் எங்கே அமர வேண்டும் என்பவற்றையெல்லாம் யாரோ ஒரு காலத்தில் எண்ணிப் பார்த்து முடிவு செய்திருக்கின்றனர். அம்முடிவுகளின் நன்மை தீமைகளை அவ்வூரார் பல தலைமுறைகளுக்கு அனுபவிக்கின்றனர்.

நிலத்தையும் நீரையும் மரத்தையும் வழியையும் மனித வாழ்வுக்கு இசைய ஒழுங்குபடுத்தும் இத்துறையை இன்று நில வடிவமைப்புக் கலை என்று அழைக்கின்றனர். இக்கலை பொது இடங்களையும் சமுதாய நலவாழ்வையும் எவ்வாறு உருவாக்குகிறது என்பதை, வேலூர் - ஆம்பூர் தோல் தொழிற்பகுதியின் கிழக்கே அமைந்த காவேரிப்பாக்கத்தை முன்வைத்து ஈண்டு ஆராய்வோம்.

சொல்லும் பொருளும்

மேலை நாடுகளில் இக்கலை தனித் தொழிலாக நிலைபெற்றது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். 1858-இல் நியூயார்க் நகரின் சென்ட்ரல் பார்க்கிற்கான வடிவமைப்புப் போட்டியில் ஃபிரெடெரிக் லா ஓம்ஸ்டெட், கால்வெர்ட் வாக்ஸ் ஆகிய இருவரின் திட்டம் வென்றது. 843 ஏக்கர் பரப்புள்ள அப்பூங்காவைப் பார்ப்போர் அதனை இயற்கைக் காடு என்றே நினைப்பர். ஆனால் அங்கிருந்த சதுப்பு நிலத்தின் நீரை வடித்து, பாறைகளை வெடிவைத்து உடைத்து, ஏரிகளைத் தோண்டி, நகரின் வண்டிப் போக்குவரத்து பூங்காவினுள் நடப்போர் கண்ணில் படாதபடி குறுக்குச் சாலைகளைப் பள்ளமாக அமைத்து ஆக்கப்பட்டது அது. இவ்விருவரும் தம் தொழிலுக்குச் சூட்டிய பெயரே பிற்காலத்தில் உலகெங்கும் வழங்கலாயிற்று.

அறபு மொழியில் இக்கலையின் பொருளை விளக்க வல்ல வேர்ச்சொல் ஒன்று உண்டு. ஐன், மீம், ரா என்னும் மூன்றெழுத்து வேரிலிருந்து ஆயுளைக் குறிக்கும் ‘உம்ர்’ வருகிறது. மக்கள் கூடி வாழும் நாகரிக வாழ்வைக் குறிக்க இப்னு கல்தூன் ஆண்ட ‘உம்ரான்’ வருகிறது. கட்டடத்தைக் குறிக்கும் ‘இமாரத்’ வருகிறது. வக்ஃபுச் சட்டத்தில் இதே ‘இமாரத்’ என்னும் சொல் பராமரிப்பு, பழுதுபார்ப்பு என்னும் பொருளைத் தருகிறது. மனிதரைப் பூமியிலிருந்து படைத்து, அதனை வளப்படுத்தும் பொறுப்பையும் அவர்களிடமே ஒப்படைத்ததாக ஹூத் அத்தியாயத்தின் 61ஆம் வசனம் உணர்த்துமிடத்தும் இவ்வேரே பயின்று வருகிறது. கட்டுவதும், காப்பதும், கூடி வாழ்வதும், உயிர்த்திருப்பதும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது சிந்திக்கத்தக்கது.

பொதுவெளி என்பதை மலர்ப்பாத்தியும் நீரூற்றும் ஆக்கிவிடுவதில்லை. நீரின் ஒழுங்கு, நிழல், எவரையும் தடுக்காத வழி, இடையறாத பராமரிப்பு ஆகிய நான்கும் ஒன்று சேருமிடத்திலேயே அது உருவாகிறது. இந்நான்கினுள் ஒன்று குறைந்தாலும் மற்றவை நெடுநாள் நிலைப்பதில்லை. இதனைக் காவேரிப்பாக்கத்தின் ஏரியைக் கொண்டே விளக்கலாம்.

காவேரிப்பாக்கம் ஏரி

முன்னர் வட ஆர்க்காடு, பின்னர் வேலூர், 2019 முதல் இராணிப்பேட்டை என்று மாவட்டத்தின் பெயர்கள் மாறியபோதும், காவேரிப்பாக்கத்தின் பெயரைத் தமிழகம் அறியச் செய்தது அதன் ஏரியே. பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் காலத்தில், அதாவது ஒன்பதாம் நூற்றாண்டில், இவ்வேரி வெட்டப்பட்டதாகக் கூறுவர். பழங்கல்வெட்டுகளில் இவ்வூருக்கு வழங்கும் அவனிநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்னும் பெயரும் அம்மன்னனின் விருதுப் பெயரை ஒட்டியதே. ஏறத்தாழ நாலாயிரம் ஏக்கர் பரந்து, ஆறு கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட கரையை உடைய இது, தமிழகத்தின் பேரேரிகளுள் ஒன்று. அண்மையிலுள்ள மகேந்திரவாடியில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயிலின் கல்வெட்டு, மகேந்திர தடாகம் என்னும் ஏரியைக் குறிப்பிடுகிறது. ஆகவே இப்பகுதியில் ஏரி அமைக்கும் மரபு ஏழாம் நூற்றாண்டுக்கே முந்திச் செல்கிறது எனலாம்.

ஏரி என்பது நீர் நிறைந்த பள்ளம் அன்று. அதற்கு மேலே நீர்பிடிப்பும் வரத்துக்காலும், கீழே மதகும் பாசனக் காலும், ஓரத்தில் கலங்கலும் உண்டு. மழை பொய்க்கும் நிலத்தில் ஆற்றின் வெள்ளத்தைச் சில நாட்களுக்குள் பிடித்து, பல மாதங்களுக்குப் பகிர்ந்தளிக்கும் பொறி இது. 1850-களில் வாலாஜா அருகே பாலாற்றின் குறுக்கே அணைக்கட்டு எழுப்பப்பட்டபின், அங்கிருந்து பிரியும் கால்வாய் காவேரிப்பாக்கம் ஏரிக்கு நீர் கொணர்கிறது. ஏரி நிறைந்தால் கலங்கல் வழியே வழியும் நீர் கொசஸ்தலையாற்றைச் சேர்கிறது. அவ்வாற்றின் குறுக்கே 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம் சென்னைக்குக் குடிநீர் தருகிறது. இவ்வூரின் கரையைக் காப்பதில் தொலைவிலுள்ள தலைநகருக்கும் பங்குண்டு என்பது இதனால் விளங்கும்.

ஊரின் அமைப்பும் கவனிக்கத்தக்கது. காவேரிப்பாக்கம் ஏரிக்கரையின் கீழே அமைந்த ஊர். கரை அதற்கு அரணாகவும் காற்று வாங்கும் மேடாகவும் விளங்குகிறது. பரந்த நீர்ப்பரப்பைத் தழுவி வரும் காற்றின் குளுமையும், கரையோரக் கிணறுகளில் ஊறும் நீரும் எவரும் விலை கொடுத்து வாங்காத நன்மைகள். ஏரி நிறைந்ததா என்று பார்க்கக் கரை ஏறும் பழக்கம் ஏரிப்பாசன ஊர்கள் அனைத்துக்கும் பொதுவானது. அங்கே ஆயக்கட்டு விவசாயியும் கடைக்காரரும், முஸ்லிமும் இந்துவும், ஒரே காட்சியின் முன் நிற்கின்றனர். ஏரி நிறைந்தால் அனைவருக்கும் ஆண்டு நல்லது. வறண்டால் அனைவருக்கும் கவலை. பொதுவெளி மக்களிடையே உறவை வளர்க்கிறது என்று அறிஞர்கள் எழுதுவதன் நடைமுறை வடிவம் இதுவே.

தோப்பும் தோட்டமும்

1752 பிப்ரவரியில் இவ்வூரின் அருகே ராபர்ட் கிளைவின் படைக்கும், ராஜா சாஹிபின் படைக்கும் அவருக்குத் துணைநின்ற பிரெஞ்சுக்காரருக்கும் இடையே போர் நிகழ்ந்தது. பிரெஞ்சுப் பீரங்கிகள் மறைந்திருந்த இடம் சாலையோர மாந்தோப்பு. அருகே வறண்ட நீர்க்காலில் படைவீரர் பதுங்கியிருந்தனர். தோப்பின் பின்புறம் காவலின்றிக் கிடந்ததை நிலவொளியில் கண்டறிந்து தாக்கியதே கிளைவின் வெற்றிக்கு வழிவகுத்தது. போர் வரலாறு இதனைத் தந்திரமாகவே பதிவு செய்கிறது. நம் நோக்கில் அப்பதிவு வேறொரு செய்தியையும் தருகிறது. நெடுஞ்சாலையும் தோப்பும் நீர்க்காலும் அடுத்தடுத்து அமைந்திருந்தன என்பதே அது. தொலைவிலிருந்து நடந்து வருவோர்க்கு நிழலும் நீரும் ஒருங்கே கிடைக்கும் அமைப்பு அது.

ஆர்க்காட்டு நவாபுகளும் தோப்பு வளர்ப்பதில் நாட்டம் கொண்டிருந்தனர். இராணிப்பேட்டையை அடுத்த நவ்லாக் என்னும் ஊரின் பெயர், ஒன்பது இலட்சம் மரங்கள் நின்ற ‘நவ்லாக் பாக்’ என்னும் தோட்டத்தின் நினைவு என்பர். இதே நெடுஞ்சாலையின் மறுகோடியில், பெங்களூரில், ஹைதர் அலீ 1760-இல் தொடங்கித் திப்பு சுல்தான் விரிவாக்கிய லால் பாக் இன்றும் பொதுமக்களின் பூங்காவாக விளங்குகிறது. ஒரு தோட்டம் பெயராக எஞ்சியது. மற்றொன்று வெளியாகவே எஞ்சியது. தொடர்ந்து பேணும் ஏற்பாடு ஒன்று இருந்ததா என்பதே இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுகிறது.

அவ்வேற்பாடு தமிழகத்தில் பழங்காலத்திலேயே இருந்தது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஊர்ச்சபையின் வாரியங்களைக் குறிப்பிடுகையில், ஏரி வாரியத்தோடு தோட்ட வாரியத்தையும் கூறுகின்றன. நீருக்கு ஒரு குழு, தோட்டத்திற்கு ஒரு குழு; இரண்டும் ஊராரால் தேர்ந்தெடுக்கப்பட்டவை. பிற்காலத்தில் ஊரார் கூடி ஏரியைத் தூர்வாரிக் கரையைச் செப்பனிடும் வழக்கம் குடிமராமத்து என்று பெயர் பெற்றது. ‘குடி’ தூய தமிழ்ச்சொல்; ‘மராமத்து’ பழுதுபார்ப்பைக் குறிக்கும் ‘மரம்மத்’ என்னும் அறபுச்சொல். தமிழகத்து ஏரிக்கரையில் இவ்விரு மொழிகளும் ஒரே சொல்லாக இணைந்தமை வெறும் மொழியியல் செய்தி அன்று. கரையைக் காக்கும் பணியில் இரு மரபுகளும் சந்தித்ததன் சான்று. இவ்வழக்கத்தின் பெயரால் 2017-இல் தமிழக அரசு ஒரு திட்டத்தையும் தொடங்கியது.

ஃபிக்ஹு நூல்களின் பார்வை

நீரையும் வழியையும் நிழலையும் குறித்து நம் சட்ட நூல்கள் நிறையவே பேசுகின்றன. அவற்றைத் தொழுகை, நோன்பு ஆகிய பாடங்களைப் போல் நாம் விரிவாக நடத்துவதில்லை என்பதே குறை. அரபுக் கல்லூரிகளில் ஓதப்படும் ஹிதாயாவில், தரிசு நிலத்தை உயிர்ப்பித்தல் பற்றிய பாடத்தில், ‘ஹரீம்’ என்னும் கருத்து இடம்பெறுகிறது. கிணறு, ஊற்று, கால்வாய் ஆகியவற்றைச் சுற்றி அவற்றின் பயன்பாட்டுக்காகவும் பாதுகாப்புக்காகவும் விடப்படும் எல்லைநிலமே ஹரீம். அவ்வெல்லைக்குள் பிறர் கிணறு வெட்டவோ வேறு வகையில் ஆக்கிரமிக்கவோ கூடாது.

பிறருடைய நிலத்தின் ஊடே ஒருவருக்குக் கால்வாய் இருந்தால், அதற்குக் கரைநிலம் உண்டா என்னும் வினா எழுகிறது. ஆதாரம் காட்டினாலன்றி இல்லை என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. இமாம் அபூயூஸுஃப் (ரஹ்), இமாம் முஹம்மத் (ரஹ்) ஆகிய இருவரும் உண்டு என்கின்றனர். அவர்கள் கூறும் காரணங்கள் இரண்டு: கால்வாயின் ஓரமாக நடந்து சென்று நீரோட்டத்தைக் கவனிக்க இடம் வேண்டும்; தூர்வாரிய சேற்றைக் கொட்டவும் இடம் வேண்டும். ‘முஸன்னாத்’ என்று அந்நூல் குறிப்பிடும் அக்கரை, நம் ஏரிக்கரையேயன்றி வேறன்று. தனியார் வழக்கு ஒன்றைத் தீர்க்க எழுந்த விவாதம் இது என்பது உண்மையே. ஆயினும் நீர்நிலைக்குக் கரை என்பது அழகுக்கான ஓரம் அன்று, நடப்பதற்கும் பராமரிப்பதற்குமான உறுப்பு என்னும் தெளிவு இதில் இருக்கிறது. கரையை வீட்டுமனையாக்குவோர் நீர்நிலையின் உறுப்பையே வெட்டுகின்றனர்.

சாலையைப் பற்றியும் இத்தகைய தெளிவு உண்டு. ஹிஜ்ரி 17-இல் கூஃபா நகரம் அமைக்கப்பட்டபோது, முதன்மைச் சாலைகளுக்கு 40 முழம், அடுத்தவற்றுக்கு 30, பின்னர் 20, சந்துகளுக்கு 7 முழம் என அகலம் வரையறுக்கப்பட்டதை வரலாற்றாசிரியர் தபரீ பதிவு செய்துள்ளார். வழியோரம் அமர்வோர் வழிக்குரிய உரிமையைக் கொடுக்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் பணித்ததும், நீர்த்துறையிலும் நடுவழியிலும் மக்கள் ஒதுங்கும் நிழலிலும் அசுத்தம் செய்வதைச் சாபத்திற்குரிய செயல் என்று எச்சரித்ததும் ஹதீஸ் நூல்களில் காணக்கிடைக்கின்றன. நீர், வழி, நிழல் ஆகிய மூன்றும் ஒரே எச்சரிக்கையில் இணைந்து வருவது நோக்கத்தக்கது. பொதுவெளியின் உயிர்நிலைகள் இம்மூன்றுமே.

யாருக்கு அனுமதி என்னும் வினாவுக்கு உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் ஒரு சான்று உண்டு. அரசு காத்த மேய்ச்சல் நிலத்துக்கு ‘ஹிமா’ என்று பெயர். அதன் பொறுப்பாளராக ஹுனய் என்பவரை நியமித்தபோது, சில ஆடுகளும் சில ஒட்டகங்களும் மட்டுமே உடைய எளியோரை உள்ளே விடுமாறும், செல்வந்தர்களான இப்னு அவ்ஃப், இப்னு அஃப்பான் ஆகியோரின் மந்தைகளுக்குச் சலுகை காட்ட வேண்டாமென்றும் கலீஃபா பணித்ததாக ஸஹீஹுல் புகாரீ அறிவிக்கிறது. செல்வந்தரின் கால்நடை அழிந்தால் அவருக்குத் தோட்டமும் வயலும் உண்டு. எளியவரின் கால்நடை அழிந்தால் அவர் பிள்ளைகளோடு அரசின் வாயிலில் வந்து நிற்பார் என்பது அவர்கள் காட்டிய காரணம். வேலியிட்டு, கட்டணம் விதித்து, ஏரிகளை ‘அழகுபடுத்தும்’ திட்டங்கள் பெருகிவரும் இக்காலத்தில் இந்த அளவுகோலை எடுத்துப் பார்ப்பது நன்று. மாடு மேய்ப்பவரையும் மீன் பிடிப்பவரையும் துணி துவைப்பவரையும் வெளியேற்றிவிட்டு அமைக்கும் நடைபாதை யாருடைய நலனுக்கானது?

நலவாழ்வும் நிலமும்

ஊர் அமைக்கும் இடத்தின் தன்மை உடல்நலத்தைப் பாதிக்கும் என்பதை இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் விரிவாக எழுதியுள்ளார். நல்ல காற்று, அருகில் ஆறு அல்லது ஊற்று, மேய்ச்சல், விளைநிலம், விறகு ஆகியவற்றை அவர் நிபந்தனைகளாக்குகிறார். தேங்கிய காற்றும் அழுகிய நீரும் உள்ள இடங்களில் நோய் மிகும் என்கிறார். கூஃபா, பஸ்ரா, கைரவான் ஆகிய நகரங்களை அமைத்தோர் ஒட்டகங்களின் தேவையை மட்டுமே கருதி மற்றவற்றைக் கவனிக்கவில்லை என்று குறை கூறவும் அவர் தயங்கவில்லை.

இக்கால ஆய்வுகள் இக்கருத்தை மேலும் நுட்பமாக்கியுள்ளன. ரோஜர் உல்ரிச் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1984-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட நோயாளிகளில், சன்னல் வழியே மரங்களைக் காணக்கூடிய அறையில் இருந்த 23 பேரையும், செங்கற்சுவரை மட்டுமே காணக்கூடிய அறையில் இருந்த 23 பேரையும் அவர் ஒப்பிட்டார். மரங்களைக் கண்டவர்கள் விரைவில் வீடு திரும்பினர். வலி நீக்கும் கடும் மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. சிறிய ஆய்வே எனினும், மருத்துவமனைகளின் வடிவமைப்பைப் பற்றிய சிந்தனையை அது மாற்றியது.

நம் பகுதியின் கோடை கடுமையானது. இங்கே நிழல் என்பது வசதி அன்று, அனுமதிச் சீட்டு. நிழலற்ற தெருவில் முதியவர் நண்பகலில் வெளியே வருவதில்லை; நீரிழிவுக்கு நடைப்பயிற்சி தேவை என்று மருத்துவர் சொன்னாலும் நடக்க இடமில்லை. விளக்கும் கழிப்பறையும் இல்லாத பூங்காவுக்குப் பெண்கள் செல்வதில்லை. நெடுஞ்சாலையைக் கடந்துதான் மைதானத்தை அடைய வேண்டுமென்றால் தாய்மார் பிள்ளைகளை அனுப்புவதில்லை. யாரும் தடை விதிக்காமலே ஒரு பொது இடம் பாதி ஊருக்கு மூடப்பட்டுவிடுவது இவ்வாறே. சுவரும் பூட்டும் மட்டுமல்ல, வெயிலும் இருளும்கூட வேலிகளே. இவ்வேலிகளைக் காண்பதும் அகற்றுவதுமே வடிவமைப்பாளரின் முதற்பணி.

பாலாறு தரும் எச்சரிக்கை

இப்பகுதியைப் பற்றிப் பேசுகையில் தோல் தொழிலைத் தவிர்க்க இயலாது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் எண்ணற்ற குடும்பங்களுக்கு அத்தொழில் வாழ்வளித்தது. நம் சமுதாயத்தின் கல்விக்கூடங்களும் பள்ளிவாசல்களும் அதன் வருவாயால் வளர்ந்தன. அந்நன்றியை மறவாமலே மற்றொரு கணக்கையும் நாம் பார்த்தாக வேண்டும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகாததாகிவிட்டது என்னும் ஆய்வைச் சுட்டியது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் கோட்பாட்டை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக நிலைநிறுத்தியதும் அத்தீர்ப்பே. பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் பல இயங்கிவந்தபோதும் சிக்கல் தீரவில்லை என்பதை, 2025 ஜனவரி 30 அன்று பாலாற்று மாசு குறித்து அதே நீதிமன்றம் மீண்டும் தீர்ப்பு வழங்கி, பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடு அளிக்கவும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் பணித்தமை காட்டுகிறது.

நீரின் ஒழுங்கு கெட்டால் மற்றவை பயன்படா என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா. கழிவு கலந்த ஆற்றின் கரையில் பளிங்கு இருக்கை அமைப்பதால் எவருக்கும் நலம் விளையாது. இராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் வளாகத்தில் பல்லாண்டுகளாகக் குவிந்துகிடந்த நச்சுக் கழிவும் இதே பாடத்தைத் தருகிறது. மண்ணின் நஞ்சை அகற்றாமல் மேலே புல் வளர்த்துப் பூங்கா என்று பெயரிட்டால், அது கண்ணுக்குப் பசுமையாகவும் கிணற்றுக்கு நஞ்சாகவும் இருக்கும். நில வடிவமைப்பு மண்ணின் அடியிலிருந்து தொடங்க வேண்டிய கலை. காவேரிப்பாக்கம் ஏரி பாலாற்றின் நீரையே நம்பி நிற்பதால், மேலே உள்ள ஊர்களின் செயல் கீழே உள்ள இவ்வூரின் மதகுகளை வந்தடைகிறது. 2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்தோடியபோது மக்கள் அடைந்த மகிழ்ச்சியை நாம் அறிவோம். ஆற்றின் பாதை நீருக்கே உரியது என்பதையும் அவ்வெள்ளம் நினைவூட்டிச் சென்றது.

கெய்ரோவும் தில்லியும்

கெட்ட நிலம் நல்ல வெளியாக மாறியதற்கும் உலகில் எடுத்துக்காட்டுகள் உண்டு. கெய்ரோவின் பழைய நகரையொட்டி ஐந்நூறு ஆண்டுகளாக இடிபாடுகளும் குப்பையும் கொட்டப்பட்டு மலைபோல் உயர்ந்த மேடு ஒன்று இருந்தது. ஆகா கான் அறக்கட்டளையின் முயற்சியால் 2005-இல் அது 30 ஹெக்டேர் பரப்புள்ள அல்அஸ்ஹர் பூங்காவாகத் திறக்கப்பட்டது. எகிப்திய வடிவமைப்பாளர்களான மாஹிர் ஸ்தீனோவும் லைலா அல்மஸ்ரீயும் இதனைத் திட்டமிட்டனர். உவர் மண்ணைச் சீராக்குவது, நகரின் குடிநீருக்கான மூன்று பெருந்தொட்டிகளைப் பூங்காவின் அடியில் அடக்குவது ஆகிய பணிகள் செடி நடுவதற்கு முன் நிகழ்ந்தன. மண்ணை அகழ்ந்தபோது ஐயூபிகள் காலத்து மதில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு வெளிப்பட்டது. மதிலையொட்டிய தர்புல் அஹ்மர் என்னும் ஏழைகள் வாழும் பகுதியை இடிக்காமல், அங்குள்ள வீடுகளைச் செப்பனிட்டு, இளைஞர்க்குத் தொழிற்பயிற்சியும் அளித்தனர். பூங்கா வந்ததால் ஏழை வெளியேறவேண்டிய நிலை வரலாகாது என்பது அத்திட்டத்தின் கொள்கை.

தில்லியில் ஹுமாயூன் சமாதியை அடுத்த சுந்தர் நர்சரி, 90 ஏக்கர் பூங்காவாக 2018-இல் திறக்கப்பட்டது. முகலாயத் தோட்ட மரபை உள்வாங்கி அதனை வடிவமைத்தவர் 2015-இல் மறைந்த பேராசிரியர் முஹம்மது ஷஹீர். இத்துறையில் இந்தியா அறிந்த சிறந்த ஆசிரியர்களுள் ஒருவரான அவரது பெயர் நம் மாணவர்க்குத் தெரியாதது வருந்தத்தக்கது. அருகிலுள்ள நிஜாமுத்தீன் குடியிருப்பில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென ‘பர்தா பாக்’ என்னும் பூங்காவும் சீரமைக்கப்பட்டது. பெருந்தோட்டத்தினும் இச்சிறு தோட்டம் நமக்கு நெருக்கமான பாடம். நெருக்கமான குடியிருப்பில், வீட்டருகே, அச்சமின்றி அமரக்கூடிய வெளி எத்துணைச் சிறியதாயினும் அதன் பயன் பெரிது.

நம் கையில் உள்ளவை

காவேரிப்பாக்கத்திற்குக் கெய்ரோவின் நிதி வேண்டியதில்லை. முன்னோர் அமைத்த வடிவம் அங்கே இன்னும் இருக்கிறது. அதனைக் கெடுக்காமல் நிறைவு செய்வதே தேவை. கரையின் மேல் மண் நடைபாதையே போதும். கரைச் சரிவில் பெருமரம் நட்டால் வேர் வழியே நீர் கசியும் என்று பொறியாளர்கள் அஞ்சுவது நியாயமானது. ஆகவே கரையை ஒட்டிப் பனையும், கரைக்குக் கீழே சற்றுத் தள்ளி வேம்பு, புங்கம், நாவல், இலுப்பை ஆகியனவும் நிற்கலாம். ஊரின் சாக்கடை ஏரியைச் சேராதபடி திருப்பப்பட வேண்டும். சீமைக்கருவேலம் அகற்றப்பட வேண்டும். பெண்கள் மாலையில் நடக்க விளக்கு வேண்டும். முதியோர் அமரக் கல்திண்ணை வேண்டும். மேய்ப்பவருக்கும் மீனவருக்கும் உள்ள வழக்கமான வழி அடைபடலாகாது. இவை அனைத்தையும் கவனிக்க ஊரார் குழு வேண்டும். அதில் எல்லாச் சமயத்தாரும் பெண்களும் இருக்க வேண்டும்.

ஏரி அரசின் பொறுப்பில் உள்ளது. ஈத்காஹ், கப்ருஸ்தான், மதரஸா வளாகம், தர்கா மைதானம் ஆகியவையோ நம் பொறுப்பில் உள்ளவை. நெருக்கமான பல ஊர்களில் எஞ்சியுள்ள திறந்தவெளிகள் இவையே. ஆண்டுக்கு இருமுறை நிறைந்து, மற்ற நாட்களில் வெயிலில் காயும் ஈத்காஹின் சுற்றெல்லையில் நிழல்மரம் நடுவதற்குத் தடையேதும் இல்லை. வக்ஃபை அதன் நோக்கத்திலிருந்து திருப்பலாகாது என்னும் ஆட்சேபம் எழலாம். அது மதிக்கத்தக்க ஆட்சேபமே. வாகிஃபின் நிபந்தனை மீறப்படலாகாது. ஆயின் பள்ளிவாசல் வளாகத்தில் மரம் நடுவதை வெறுக்கத்தக்கதாகக் கருதிய ஹனஃபீ அறிஞர்களே, நிலத்தின் ஈரக்கசிவை மரம் உறிஞ்சித் தூண்களுக்கு உறுதி தருமாயின் அனுமதிக்கலாம் என்று விலக்களித்துள்ளனர். மரத்தை அலங்காரமாகக் கருதாமல், நிலத்துக்கும் கட்டடத்துக்கும் அது ஆற்றும் பணியை ஆராய்ந்து தீர்ப்பளித்த அவர்களின் அணுகுமுறை நமக்கு வழிகாட்டும். ஒவ்வோர் இடத்தின் சட்ட நிலையையும் உள்ளூர் உலமாக்களிடம் கேட்டுத் தெளிந்து செயற்படலாம்.

வக்ஃபின் வருவாயை எதற்கு முதலில் செலவிட வேண்டும் என்னும் வினாவுக்கு ஹிதாயா தரும் விடை தெளிவானது. வாகிஃப் நிபந்தனையிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், முதற்செலவு அதன் இமாரத்துக்கே, அதாவது பராமரிப்புக்கே. பயன் பெறுவோர்க்குரிய பங்குகூட அதன்பின்னரே. நாமோ திறப்பு விழாவுக்கும் கல்வெட்டுக்கும் முதலிடம் கொடுத்து, பராமரிப்பை எவரும் ஏற்காத கடைசிச் செலவாக்கிவிட்டோம். ஓர் ஊர் ஈத்காஹில் பத்து மரம் நட்டு, மூன்று கோடைக்கு அவற்றுக்கு நீர் ஊற்றும் பொறுப்பைப் பெயர் குறித்து ஒப்படைத்தால், அதுவே இக்கலையின் சரியான தொடக்கம். பல நூற்றாண்டுகளாகக் காவேரிப்பாக்கத்தின் கரை நிற்பதற்குக் காரணம் அதனை ஒருவர் கட்டியது மட்டுமன்று. பெயர் அறியப்படாத பலர் ஒவ்வொரு தலைமுறையிலும் மண் சுமந்து அதன்மேல் கொட்டியதுமாகும். அவர்களின் வரிசையில் நாமும் சேர எல்லாம் வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக.